சாப்பாட்டு அறையில் தமிழ் பேசக் கூடாதாம்: அமெரிக்க ஃபெடரல் சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: எச்-1பி விசாவில் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். அலுவலக மடிக்கணினியிலிருந்து நான் அனுப்பும் சொந்த மின்னஞ்சல்களையும் மேலாளர் பார்க்கிறார் என்று தெரிகிறது. சாப்பாட்டு அறையில் சக ஊழியர்களோடு தமிழில் பேசக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஃபெடரல் சட்டத்தில் எனக்குப் பாதுகாப்பு உண்டா?

முதல் குறைக்கு அநேகமாக இல்லை. இரண்டாவதற்கு உண்டு, ஆனால் நாள் கணக்கு முக்கியம். நான் வழக்கறிஞர் அல்ல. இதே மாநிலத்தில் பல ஆண்டுகள் மனிதவளத் துறையில் இருந்தவள். அதற்கு முன்பு நானே ஒரு புகார் கொடுக்கப் போய்க் கோட்டை விட்டவள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தனியார் நிறுவன ஊழியரின் அந்தரங்கத்தைக் காப்பதற்கென்று தனியாக ஒரு ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுவதுக்குமான சட்டம், அமெரிக்காவில் கிடையாது. நெருங்கி வருவது 1986இல் வந்த மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும் அந்தச் சட்டமே நிறுவனங்களுக்கு இரண்டு வாசல்களைத் திறந்துவைத்திருக்கிறது: தொழில் தேவை என்றால் பார்க்கலாம், ஊழியர் சம்மதித்திருந்தால் பார்க்கலாம். எப்போது சம்மதித்தேன் என்கிறீர்களா? வேலைக்குச் சேர்ந்த அன்று, படிக்காமல் கையெழுத்துப் போட்ட கையேட்டில் இருக்கும். கணினியைத் திறக்கும்போது வரும் அறிவிப்புக்குத் தினமும் 'சரி' என்று அமுக்குகிறீர்களே, அதையும் சம்மதமாகக் காட்டுவார்கள்.

அரசு ஊழியர்களுக்காவது, அரசு நியாயமின்றிச் சோதனை போடுவதைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் துணைக்கு இருக்கிறது. அதுவும் பெரிதாகக் கைகொடுத்துவிடவில்லை. கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ நகரக் காவல் துறை, தான் கொடுத்த பேஜரில் ஓர் அதிகாரி அனுப்பிய சொந்தச் செய்திகளை எடுத்துப் படித்தது. அதில் தவறில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

ஓர் எல்லை உண்டு. மடிக்கணினியில் சேமித்துவைத்த உங்கள் கடவுச்சொல்லை எடுத்து, வெளியே இருக்கும் உங்கள் சொந்த அஞ்சல் பெட்டிக்குள் மேலாளர் நுழைந்தால் கதை வேறு. அது அதே 1986 சட்டத்தின் இன்னொரு பகுதியில் மாட்டும். தொலைபேசியிலும் அப்படித்தான். பேசுவது சொந்த விஷயம் என்று தெரிந்த பிறகும் முதலாளி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று 1983இலேயே ஒரு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மற்றபடி, வீட்டு விஷயங்களை உங்கள் கைபேசியில், உங்கள் இணைய இணைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலைக்கூட அலுவலகக் கணினியில் படிக்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தரங்கச் சட்டம் கொடுக்காத அந்தரங்கத்தைப் பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து கொடுக்கின்றன. ஒருவரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தானே அதை வைத்து ஒதுக்க முடியும்? ஆகவே கேட்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உங்கள் உடல்நிலை பற்றி ஒரு கேள்வியும் கேட்க முடியாது. பிறகு மருத்துவப் பரிசோதனை வைத்தாலும், அந்த வேலைக்கு வரும் எல்லோருக்கும் வைக்க வேண்டும். முடிவுகளைத் தனிக் கோப்பில் பூட்டிவைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்த அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது. 'அவருக்கு என்ன நோய்?' என்று கேட்டு வரும் மேலாளர்களிடம், 'கனமான பெட்டிகளைத் தூக்கச் சொல்லாதீர்கள்' என்பது மட்டும்தான் என் பதில்.

2008இல் வந்த மரபணுத் தகவல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, அம்மாவுக்கு இதய நோய் உண்டா என்று கேட்பதே சட்டமீறல். நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் சாதாரணமாகக் கேட்பது! ஓக்லஹோமாவில் துணி விற்கும் நிறுவனம் ஒன்று மருத்துவப் படிவத்தில் இதைக் கேட்டதற்காக 2013இல் 50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அட்லாண்டா அருகே நடந்தது இன்னும் விசித்திரம். ஒரு கிடங்கில் யாரோ அடிக்கடி மலம் கழித்துவைத்துவிட்டுப் போனார்கள். ஆளைக் கண்டுபிடிக்க, இரண்டு ஊழியர்களின் கன்னத்தின் உட்புறத்தில் மாதிரி எடுத்து டிஎன்ஏ சோதனை செய்தது நிர்வாகம். இரண்டு பேரும் இல்லை. நோயைக் கண்டறியும் சோதனை அல்லவே, இந்தச் சட்டம் எங்களைக் கட்டாது என்று வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 2015இல் ஜூரி அந்த இருவருக்கும் சேர்த்து 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. ஃபெடரல் சட்டத்தில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருப்பதால் அவர்கள் கைக்கு அவ்வளவும் வந்திருக்காது. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் ஓர் ஆளுக்கு 3 லட்சம்தான் உச்சம். இழந்த சம்பளம் போன்றவை அதில் சேராது.

இனி உங்கள் தமிழுக்கு வருகிறேன். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 15 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்துக்கு இது பொருந்தும், சரியாக 15 பேர் இருந்தாலும் சரி. அதற்குக் குறைந்த இடமானால் நியூ ஜெர்சியின் மாநிலச் சட்டம் இருக்கிறது. மொழி என்ற சொல் ஏழாம் பகுதியில் இல்லை. ஆனால் மொழி பூர்விக நாட்டோடு ஒட்டியது என்பது சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் நிலை. இங்கே எல்லோரும் ஈ.ஈ.ஓ.சி. என்பார்கள். எந்நேரமும் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஒரு விதி இருந்தால் அது பாகுபாடு என்றே ஆணையம் எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் எதிரில், ஆபத்தான இயந்திரத்தருகில் என்று காரணத்தோடு சொன்னால் வேறு. உங்கள் தயிர்சாதத்துக்கும் தொழில் தேவைக்கும் என்ன சம்பந்தம்?

ஆனாலும் உடனே சண்டைக்குப் போய்விடாதீர்கள். நீதிமன்றங்கள் ஆணையத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. கலிஃபோர்னியாவின் ஓர் இறைச்சி நிறுவனம் ஆங்கிலம் மட்டும் என்று விதி போட்டபோது, இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்கு அதனால் என்ன நஷ்டம் என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பு நியூ ஜெர்சியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்து வீசுவார். அதனால் முதலில் கவனியுங்கள்: அடுத்த மேசையில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும் இதே தடை உண்டா? அவர்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் பலம். விதி எழுத்தில் இருக்கிறதா, வாய்மொழியா? எந்த நாளில், யார் முன்னால் சொன்னார்? அன்றன்றைக்கே வீட்டில் ஒரு நோட்டில் எழுதுங்கள். அலுவலகக் கோப்புகளை மட்டும் சொந்த அஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். உங்களை வெளியே அனுப்ப அவர்களுக்கு அதுவே போதும்.

விசாவை நினைத்துப் பயப்படுவீர்கள். ஏழாம் பகுதி விசாவைப் பார்ப்பதில்லை. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது தனிச் சட்டமீறல். ஆணையத்துக்கு வரும் புகார்களில் அதிகம் வருவதே பழிவாங்கல் புகார்தான். இருந்தாலும் வேலை போனால் எச்-1பிகாரர் இங்கே தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான் என்பதும் நிஜம். சட்டம் ஜெயிப்பதற்குள் அது முடிந்துவிடும். இதை மறைத்து உங்களைத் தூண்டிவிட எனக்கு மனமில்லை.

சாதிப் பாகுபாடு பற்றியும் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி: ஃபெடரல் சட்டம் சாதி என்ற சொல்லைச் சொல்லவில்லை. சியாட்டில் நகரம் 2023இல் தன் விதியில் சேர்த்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் அதே ஆண்டில் வீட்டோ செய்துவிட்டார்.

இனி என் கதை. பதவி உயர்வு கேட்டபோது, 'உங்கள் உச்சரிப்பு வாடிக்கையாளர்களுக்குச் சரிப்படாது' என்றார்கள். ஆறு ஆண்டுகள் அதே வாடிக்கையாளர்களோடுதான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். வேலைக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக இருந்தாலொழிய உச்சரிப்பைக் காரணம் காட்ட முடியாது. எனக்கு அன்று அது தெரியாது. நல்ல பிள்ளையாக, நிறுவனத்துக்குள்ளேயே புகார் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். ஒருவர் விடுமுறையில் போனார், இன்னொருவர் வேலை மாறினார், கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. முடிவு வரட்டும் என்று காத்திருந்து, வந்த பிறகு நியூவர்க்கில் ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி நான் கொண்டுபோன காகிதங்களை எல்லாம் பொறுமையாகப் படித்தார். பிறகு மேசை நாட்காட்டியைப் புரட்டி விரல்விட்டு எண்ணினார்.

ஆணையத்திடம் புகார் கொடுக்க ஃபெடரல் கணக்கில் 180 நாள். மாநிலத்துக்கும் இதே போன்ற சட்டமும் அதை நடத்தும் அலுவலகமும் இருந்தால் 300 நாள். நியூ ஜெர்சியில் 300. மறுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். உள்விசாரணை நடக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. நான் போனது 312ஆவது நாள்.

உங்கள் மேலாளர் அதைச் சொன்ன தேதி என்ன?