பழைய ட்ராவல் ட்ரெய்லரில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீட்டில், மெத்தைக்கு அடியில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ப்ளீச் அடித்தால் போதுமா?

போதாது. நானும் அடித்துப் பார்த்தவன்தான். மூன்றே வாரத்தில் அதே இடத்தில் அதே புள்ளிகள் திரும்பி வந்தன.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியா நகருக்குப் பக்கத்தில். அக்டோபரில் பிடிக்கிற மழை ஏப்ரல் வரை ஓயாது. கொட்டித் தீர்த்துவிட்டுப் போனாலும் தேவலை. நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். 21 அடி நீளமுள்ள பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, இலையுதிர் காலத்தில் நான்கைந்து முறை குடும்பத்தோடு தங்கிவிட்டு, குளிர்காலத்துக்கு நீலத் தார்ப்பாயால் இறுக்கப் போர்த்தி, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து வைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. மார்ச்சில் கதவைத் திறந்தால் நனைந்த சாக்கைப் பிரித்ததுபோல ஒரு வாடை. மெத்தையைத் தூக்கினேன், அடியில் இருந்த ப்ளைவுட் முழுக்கக் கறுப்பு. முன்பக்க மூலையில் தேநீர் கொட்டியதுபோலப் பழுப்புக் கறை.

இரண்டும் ஒரே வியாதி என்று நினைத்ததுதான் என் தவறு. கறுப்புப் புள்ளிகள் எங்கள் மூச்சினால் வந்தவை. பழுப்புக் கறை மழையினால் வந்தது. உங்களுடையது எது என்று தெரியாமல் பாட்டிலைக் கையில் எடுக்காதீர்கள்.

மூச்சா என்று சிரிக்க வேண்டாம். ஒருவர் தூங்கி எழுவதற்குள் மூச்சாகவும் வியர்வையாகவும் ஒரு தம்ளர் தண்ணீராவது காற்றில் கலந்துவிடும். நாங்கள் நான்கு பேர். ப்ரொப்பேன் அடுப்பு அதைவிட மோசம்: ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகிறது. அதன்மேல் இட்லிப் பானையை வைத்தால் கேட்கவே வேண்டாம். ட்ரெய்லரோடு வரும் ஃபர்னஸ் என்ற சூடேற்றி தன் புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடுகிறது, அதனால் பாதகமில்லை. ஆனால் கடையில் வாங்கி உள்ளே வைத்துக் கொளுத்தும் சிறிய வாயு ஹீட்டர் அவ்வளவு ஈரத்தையும் அறைக்குள்ளேயே விடும். காற்றோட்டம் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இத்தனை நீராவியும் எங்கே போகும்? குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பு வியர்ப்பதுபோல, ஜன்னல் கண்ணாடியிலும் சுவருக்குள் ஓடும் அலுமினியச் சட்டத்தின்மேலும் படியும். மெத்தைக்கு அடியில் காற்றும் படாது, சூடும் போகாது. அங்கே பூஞ்சணம் குடியேறாவிட்டால்தான் அதிசயம்.

இதற்கு மருந்து, மழையிலும் ஜன்னலைத் திறந்து வைப்பது. என் மனைவி இதை நம்பவே இல்லை. வெளியே ஐந்து டிகிரிக் குளிரில் காற்று நூறு சதவீதம் ஈரமாக இருந்தாலும், ஒரு கன மீட்டரில் ஏழு கிராம் அளவுக்குத்தான் நீர் இருக்கும். அதே காற்றை உள்ளே இழுத்து இருபது டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே காற்றை வெளியே தள்ளும் கூரை விசிறியை மெதுவாக ஓடவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு விரல் திறந்து, கூடவே ட்ரெய்லரின் ஃபர்னஸையும் போடுங்கள். சூடாக்காமல் திறந்து மட்டும் வைத்தால் பயன் குறைவு. ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள், விலை சொற்பம். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, அறுபதைத் தாண்டினால் ஏதாவது செய்ய வேண்டும். மெத்தைக்கு அடியில் மரச் சட்டங்களை இடைவெளி விட்டுப் பரப்பிவிட்டேன். ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவதானால், கம்ப்ரஸர் வைத்தது குளிரில் பனி பிடித்துத் திணறும். சிலிக்கா போன்ற உறிஞ்சி வைத்த வகைதான் எங்கள் ஊர்க் குளிருக்குச் சரி. கால்சியம் குளோரைடு டப்பாக்கள் அலமாரிக்குள் வைக்கலாம், அவ்வளவுதான்.

கசிவைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தலைவலி. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, சட்டத்தின்மேல் ஓடி, வேறோரிடத்தில் தலைகாட்டும். எனக்குக் கறை கீழ் மூலையில். ஓட்டை உச்சியில், முகப்பில் இருக்கும் சின்ன ஆரஞ்சு விளக்கின் பின்னால். இரண்டு சனிக்கிழமைகளை விழுங்கிய பிறகுதான் அகப்பட்டது. கூரைத் துவாரத்தின் வழியே காற்றை உள்ளே ஊதி, வெளியே சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். விளக்கைச் சுற்றிக் குமிழி குமிழியாக வந்தது. விளக்கைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் நாடா என்ற ஒட்டும் ரப்பர்ப் பட்டையை ஒட்டித் திரும்பப் பொருத்தினேன். வீட்டுக் குளியலறைக்குப் பூசும் சிலிக்கானை மட்டும் பூசிவிடாதீர்கள். பிறகு அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. கூரையில் இருக்கும் பசையை வருடத்துக்கு இரண்டு முறையாவது ஏறிப் பாருங்கள். தரை அமுங்கினாலோ வெளிச்சுவர் கொப்புளம்போல உப்பியிருந்தாலோ, உள்ளே மரம் மக்கிவிட்டது என்று பொருள். அது துடைத்துத் தீர்கிற காரியமில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் சுத்தம் செய்வது. N95 முகக்கவசம், கையுறை, சோப்புத் தண்ணீர், தேய்த்தபின் முழுதாக உலரும்வரை விசிறி. ப்ளீச் மரத்துக்குள் இறங்காது, அதிலுள்ள தண்ணீர்தான் இறங்கும். பூஞ்சணத்துக்கு நாமே தாகம் தீர்த்த மாதிரி. ப்ளீச்சோடு வினிகரையோ அமோனியாவையோ கலந்தால் நச்சு வாயு கிளம்பும். பூஞ்சணம் ஏறிய நுரை மெத்தையை வெளியே தூக்கிப் போடுங்கள். எனக்கும் மனசு வரவில்லை, போட்டேன்.

தார்ப்பாயையும் தூக்கிப் போட்டுவிட்டு, நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை ஒன்றின் கீழே நிறுத்துகிறேன். இட்லி இப்போது வெளியே, சாய்ப்புத் துணியின் கீழ் தனி அடுப்பில் வேகிறது. மழையில் நின்று ஊற்றுவது நான்.