பாட்டியின் நெற்றி விளக்கும் கேமராவின் உயரமும்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைச் சீவிப் பாலெடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த பாட்டி ஒருவரைப் பற்றி எங்கள் மாணவர்கள் பிளெண்டர் மென்பொருளில் அசைவூட்டக் குறும்படம் செய்கிறார்கள். அவருடைய உழைப்பைப் போற்ற நினைத்தோம். பார்த்தவர்களோ “பாவம்” என்கிறார்கள். கேமரா கோணத்திலும் ஒளியிலும் எதை மாற்ற வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய காட்சிகளில் கேமரா பெரும்பாலும் பாட்டியின் தலைக்கு மேலிருந்தே பார்க்கிறது. அப்படிப் பார்க்கையில் உருவம் குறுகி, தரை அவரைச் சூழ்ந்துகொள்வதால், நீங்கள் கருதிய மரியாதை இரக்கமாக மாறிவிடுகிறது. கேமராவை அவர் உளி பிடித்திருக்கும் கையின் உயரத்துக்கு இறக்குங்கள். முகத்தைச் சற்றே நிமிர்ந்து பார்க்கும் அந்தக் கோணமே போதும். தரையோடு தரையாக வைத்தால் பாட்டி சுவரொட்டி நாயகியாகிவிடுவார், வேலை செய்யும் மனுஷியாகத் தெரியமாட்டார். மேல்கோணத்தைப் பெரட்டுக் காட்சிக்கு, அதாவது காலையில் தொழிலாளர்கள் வருகைக்கு அணிவகுக்கும் காட்சிக்கு, மட்டும் ஒதுக்கிவையுங்கள். கிராணி (தோட்டக் கணக்கர்) பெயர் கூப்பிடும் அந்த இடத்தில் யார் கை மேலோங்கியிருக்கிறது என்பதே செய்தி. ஒரே ஒருமுறை வரும்போதுதான் அது உறைக்கும்.

பிளெண்டர் தொடக்கத்தில் தரும் 50 மி.மீ. லென்ஸை எல்லாக் காட்சிக்கும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். கேமராவைப் பின்னுக்கு நகர்த்தி 85 மி.மீ. வைத்தால் மரநிரைகள் நெருங்கிச் சுவராக நிற்கும். அருகில் சென்று 24 மி.மீ. வைத்தால் அதே நிரைகள் விரிந்து வழிவிடும்.

ஒளிதான் உங்கள் கதையின் பெரிய செல்வம். வெயில் ஏறுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் மரம் வெட்டு இருட்டிலேயே தொடங்குகிறது. நீங்களோ காடு முழுவதும் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத நீல ஒளியைப் பரப்பியிருக்கிறீர்கள். அதைப் பெரிதும் குறைத்துவிட்டு, ஒரு திசையில் மட்டும் ஒளி பாய்ச்சும் ஸ்பாட் விளக்கு ஒன்றை நெற்றி விளக்காகப் பாட்டியின் தலையோடு இணையுங்கள். அவர் திரும்பும் பக்கம் மட்டும் மரப்பட்டை, வெட்டுக்கோடு, பால் வடியும் மங்கு (கிண்ணம்) என ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். அப்போது சட்டகத்தில் காண்பதெல்லாம் அவரால் வெளிச்சம் பெற்றவை. உங்கள் கருப்பொருளை எந்த வசனமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

அந்த விளக்கின் நிறத்தை ஏறத்தாழ 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த இதமான நிறம்) என்று நிர்ணயித்து, லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பேத்தி படிக்கும் மேசை விளக்குக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். வேறு எதற்கும் அந்த நிறத்தைத் தராதீர்கள். சூரிய உதயத்தை ஆரஞ்சாக்க மாணவர்கள் கட்டாயம் ஆசைப்படுவார்கள்; அதை வெளிறிய வெண்மையாகவே விடச் சொல்லுங்கள், இல்லையேல் இரண்டு விளக்குகளுக்கும் இடையிலான உறவு கரைந்துபோகும்.

கணினியில் விளக்குக்கு மின்செலவு இல்லை என்பதால் இஷ்டம்போல் சேர்க்கத் தோன்றும். 2008இல் வெளிவந்த ‘வால்-ஈ’ படக்குழு, நிஜக் கேமராவோடு பணியாற்றும் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸை ஆலோசகராக அழைத்ததை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஒளிக்கும் அது புறப்படும் இடத்தைக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இப்போதே வரட்டும்.

ரெண்டர் செய்யுமுன் (கணினி இறுதிப் படத்தை உருவாக்குமுன்) ஒவ்வொரு காட்சியையும் கறுப்பு வெள்ளையாக்கிச் சிறிய அளவில் பாருங்கள். கண் முதலில் பாட்டியின் கைக்குப் போகாமல் வானத்துக்கோ பனிமூட்டத்துக்கோ போனால், அங்கே ஒளியைக் குறையுங்கள். பனிமூட்டம் பள்ளிக் கணினிகளைத் திணறடிக்கும். முதல் காட்சியில் மட்டும் உண்மையான மூட்டத்தை வைத்து, மற்றவற்றில் நிரைகளுக்கு இடையே அரைத்தெளிவான தளம் ஒன்றை நிறுத்தினால் போதுமானது.