மார்பக புற்றுநோய் ரிப்போர்ட்டுல இஆர், ஹெர்2, கேஐ-67னு வருதே, அத பத்தி கேளுங்க

பினாங்குல பத்தாலஜி லேப்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்ப ரிட்டயர் ஆயிட்டேன். நான் டாக்டர் இல்ல, மருந்து மாத்த சொல்ல மாட்டேன், ரிப்போர்ட்டுல இருக்குறதுக்கு அர்த்தம் சொல்வேன்.

கே (செராஸ்): அக்கா, அம்மாவுக்கு ஹெர்2 3+னு வந்திருக்கு, நெட்ல பார்த்தா ரொம்ப மோசமான வகைனு போட்டிருக்கு, வீட்ல யாருக்கும் சோறு இறங்கல. எவ்ளோ நாள் இருப்பாங்க?

ப: ஹெர்2ங்கிறது செல் மேல இருந்து அத வளர தூண்டுற ஒரு புரதம், 3+னா அது ரொம்ப அதிகமா இருக்குனு அர்த்தம். நீ நெட்ல பார்த்த பக்கத்த எந்த வருஷம் எழுதுனாங்கன்னு முதல்ல பாருமா. ஒரு காலத்துல அது உண்மைதான், வேகமா வளரும், சீக்கிரம் பரவும். ஆனா 1998ல ஹெர்செப்டினுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதுலருந்து நிலைமை வேற, அது அந்த ஹெர்2 புரதத்தையே தேடிப்போய் ஒட்டிக்கிற மருந்து, ஆரம்ப ஸ்டேஜ்ல கீமோவோட குடுத்தா நோய் திரும்பி வர்றது கிட்டத்தட்ட பாதியா குறையுதுன்னு 2005லயே ஆய்வுல வந்துடுச்சு. அதனால 3+னா மருந்துக்கு ஒரு கதவு தொறந்திருக்குனு எடுத்துக்க. நாள் கணக்கு கேக்காத, ஸ்டேஜ் என்ன, அக்குள்ல இருக்குற நிணநீர் முடிச்சுல பரவியிருக்கா, ஊசி எப்ப ஆரம்பிப்பாங்கன்னு கேளு.

கே (பட்டர்வொர்த்): வைஃப்க்கு ஹெர்2 2+. ஃபிஷ் டெஸ்ட்டுக்கு இன்னும் காசு கட்டணுமாம். தேவையா?

ப: தேவைதான் அண்ணே, இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. 2+னா ரெண்டுங்கெட்டான், லேப்ல திசு மேல போடுற சாயத்த பார்த்து முடிவு சொல்ல முடியாது, ஃபிஷ்ங்கிற ஜீன் டெஸ்ட்ல அந்த ஹெர்2 ஜீன் எத்தன காப்பி இருக்குன்னு எண்ணியே பார்த்துடுவாங்க.

கே (பிரிக்பீல்ட்ஸ்): இஆர் 90%, பிஆர் 60%, கேஐ-67 18%. ஸ்டேஜ் 1. அஞ்சு வருஷம் தாண்டிட்டா தப்பிச்சாச்சுதானே?

ப: நல்ல ரிப்போர்ட் சிஸ்டர், இஆர், பிஆர்னா ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன ஏத்துக்கிற கேன்சர் செல் எத்தன சதவீதம்னு அர்த்தம், அது அதிகமா இருக்குறதால ஹார்மோன தடுக்குற மாத்திரை நல்லா கேக்கும். ஆனா அஞ்சு வருஷ கணக்கு இந்த வகைக்கு சரியா பொருந்தாது, பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சும் சிலருக்கு திரும்புது, அதனாலதான் டமோக்சிஃபென்ங்கிற அந்த மாத்திரைய அஞ்சு வருஷம், சிலருக்கு பத்து வருஷம்கூட குடுக்குறாங்க. உடம்பு சூடாகுது, தூக்கம் வரலனு நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை பார்ப்பாங்க. கேஐ-67னா எத்தன சதவீத செல் பெருகிக்கிட்டு இருக்குன்னு காட்டுறது, அது 18ஆ 22ஆன்னு மண்டைய உடைச்சுக்காதீங்க, லேப்புக்கு லேப் மாறும். 5%க்கு கீழ, 30%க்கு மேலனா நம்பலாம், நடுவுல இருக்குறது வழவழதான்.

கே (ஜெலுத்தோங்): தங்கச்சிக்கு ட்ரிபிள் நெகட்டிவ், வயசு 38.

ப: இஆர், பிஆர், ஹெர்2 மூணுமே இல்லாத வகை இது, கொஞ்சம் கடுமையானதுதான், மறைக்கல. ஆபத்து முதல் மூணு வருஷத்துல அதிகம், அத தாண்டுனா நல்லாவே குறைஞ்சிடும். ஆபரேஷனுக்கு முன்னாடியே கீமோ குடுத்து, அப்புறம் வெட்டி எடுத்ததுல கேன்சர் செல்லே இல்லனு வந்துட்டா ரொம்ப நல்ல அறிகுறி. இந்த வயசுக்கு, குடும்பத்துல வழிவழியா வர்ற பிஆர்சிஏ ஜீன் கோளாறு இருக்கான்னு பார்க்குற டெஸ்ட்டும் கேளுங்க, அக்கா தங்கச்சி எல்லாருக்கும் அது முக்கியம்.

கே (செந்தூல்): மலேசியாவுல பொழைக்கிறவங்க எத்தன பேர்?

ப: 2007லருந்து 2011 வரைக்கும் கண்டுபிடிச்சவங்கள வச்சு அரசாங்கம் போட்ட கணக்குல அஞ்சு வருஷ சர்வைவல் 66.8%. ஸ்டேஜ் 1ல 87.5, ஸ்டேஜ் 4ல 23.3. இந்த இடைவெளிய பாருங்க, நம்ம ஆளுங்க கட்டிய வச்சிக்கிட்டு எண்ணெய் தடவிட்டு, சாமியார்கிட்ட போயிட்டு வர்றதுக்குள்ள ஸ்டேஜ் ஏறிடுது, எனக்கு இதுலதான் கோவம் வரும்.

கே (ஆயர் ஈத்தாம்): பிளட் டெஸ்ட் பேக்கேஜ்ல சிஏ 15-3 நார்மல். அப்ப மேமோகிராம் வேணாம்ல ஆன்ட்டி?

ப: வேணும். சிஏ 15-3ங்கிறது ரத்தத்துல பார்க்குற ஒரு கேன்சர் குறியீடு, ஆரம்ப ஸ்டேஜ் கேன்சர் இருக்குறவங்களுக்கே அது பெரும்பாலும் நார்மலாதான் வரும். பரவுன நோய்க்கு மருந்து கேக்குதான்னு பார்க்கதான் அது உதவும், பேக்கேஜ்ல போட்டு விக்கிறாங்க அவ்ளோதான். மேமோகிராமுக்கு நாள் வாங்கிட்டு போ.