அஷ்டமுடிக் காயலுக்கு அஷ்டமி நல்ல நாள்

கேள்வி: நாங்கள் ஆரியங்காவில் வசிக்கிறோம். கணவர், நான், 14 வயது மகன், 9 வயது மகள், 67 வயது மாமியார் என ஐந்து பேர். அஷ்டமுடிக் காயலுக்கு ஒரு நாள் போய்த் திரும்ப விரும்புகிறோம். ஹவுஸ் போட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதில் எங்களுக்கு விருப்பமில்லை. நாங்களே துடுப்புப் போட வேண்டும் என்பதுதான் ஆசை. நீச்சல் கணவருக்கு மட்டுமே தெரியும். மாமியாருக்கு மூட்டுவலி உண்டு. எங்கே போவது, எந்தப் படகு எடுப்பது, எந்த மாதத்தில் போவது? மகன் தனிக் கயாக் கேட்கிறான், கொடுக்கலாமா?

பதில்: ஹவுஸ் போட்டை நீங்களே விலக்கிவிட்டதால் என் வேலை பாதி குறைந்தது. கொல்லம் நகரப் படகுத்துறைக்குப் போகாமல் மன்றோத்துருத்துக்குச் செல்லுங்கள். காலையில் கயாக், நடுப்பகலில் கரை, பிற்பகலில் ஐவரும் சேர்ந்து ஒரே வள்ளம் (கோல் ஊன்றித் தள்ளும் நாட்டுப் படகு) என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தப் படகு என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட எந்த நாள், எந்த மணி என்பதைப் பொறுத்தே உங்கள் பயணம் இன்பமாகவோ துன்பமாகவோ அமையும் என்பதால், அதைத்தான் சற்று விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் இடம். உங்கள் ஊரிலிருந்து தென்மலைக்கு இறங்கும் வழியில், 13 கண் ரயில் பாலத்துக்கு அருகே சாலையை ஒட்டி ஓடுகிறதே கழுதுருட்டி ஆறு, அது கல்லடையாற்றின் கிளைகளில் ஒன்று. அந்தக் கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடத்தில், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உண்டானதுதான் மன்றோத்துருத்து. துருத்து என்றால் தீவு. திருவிதாங்கூரில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. தென்மலையில் அணை கட்டியபின் வண்டல் வரத்துக் குறைந்து, நிலம் தாழ்ந்து, ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) ஏறும் நாட்களில் வீட்டு முற்றம் வரை உப்புநீர் வருவதாக அங்குள்ளவர்கள் வருந்துவதை நீங்கள் கேட்பீர்கள். சுற்றுலாப் பயணிக்கு அழகாகத் தெரியும் அந்தத் தண்ணீர் அவர்களுக்கு அன்றாடத் தொல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், வாய்க்கால்களில் நாம் நடந்துகொள்ளும் விதமும் மாறும்.

அஷ்டமுடி என்ற பெயருக்கேற்ப எட்டுக் கிளைகளாகப் பிரிந்து கிடக்கும் இந்தக் காயல் நீண்டகரையில் கடலோடு கலக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002இல் இடம்பெற்றது இது. நடுக்காயலின் பரந்த நீர்ப்பரப்பு பார்க்க மயக்கும். ஆனால் புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்கு அது உகந்த இடமன்று. மீன்பிடிப் படகுகள், ஹவுஸ் போட்டுகள், பிற்பகலில் கடற்காற்று எழுப்பும் அலை, நீண்டகரை முகத்தை நெருங்க நெருங்க வலுக்கும் நீரோட்டம் ஆகிய எல்லாம் அங்கே ஒன்றுசேர்கின்றன. மன்றோத்துருத்திலோ இரு கைகளையும் விரித்தால் இரண்டு கரையையும் தொடலாமோ என்று தோன்றும் அளவுக்குக் குறுகிய வாய்க்கால்கள் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிடக்கின்றன. அவற்றில் காற்று நுழைவதில்லை, பெரிய படகும் நுழைய முடியாது.

இனி ஓதம். கொல்லம் கடற்கரையில் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை இறங்கும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். காயலின் உட்பகுதிக்கு அது இன்னும் தாமதமாகவே வந்துசேரும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது. வாய்க்கால்களுக்குக் குறுக்கே வீடுகளை இணைக்கும் நடைபாலங்கள் மிகத் தாழ்வானவை. பேரோதத்தின் உச்சத்தில் அவற்றின் அடியில் நுழையும்போது தலையைக் குனிந்தால் போதாது. முதுகை வள்ளத்தின் அடிப்பலகையோடு சாய்த்து, மூக்குக்கு நேர் மேலே பாலத்தின் பாசி பிடித்த சிமெண்டைப் பார்த்தபடி கடக்க வேண்டும். பிள்ளைகள் இதைக் கொண்டாடுவார்கள். மூட்டுவலிக்காரருக்கு அது தண்டனை. அதே நாளில் நீர் வடிந்துவிட்டாலோ, வள்ளம் சேற்றில் தட்டும்; கரையிலிருந்து வள்ளத்துக்கு இறங்கும் படியும் இன்னும் ஆழமாகிவிடும்.

ஆகவே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் வரும் அஷ்டமியையும் அதற்கு அடுத்த ஓரிரு நாட்களையும் தேர்ந்தெடுங்கள். அப்போது சூரியனின் ஈர்ப்பும் சந்திரனின் ஈர்ப்பும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமைவதால் ஏற்ற இறக்கம் குறைந்து, நாள் முழுவதும் நீர்மட்டம் நடுத்தரமாக நிற்கும். அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று மாமியார் சொல்லக்கூடும். துடுப்புப் போடுவதற்கு அதைவிட நல்ல திதி காலண்டரில் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முன்பதிவு செய்யும்போது படகுக்காரரிடம் வேலியேற்றமும் வேலியிறக்கமும் (ஓதம் ஏறுவதும் இறங்குவதும்) அன்று எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஆரியங்காவுக்காரர்களுக்கு மலையாளம் தடையாக இருக்காது. தயங்காமல் பதில் சொல்பவர் காயலை அறிந்தவர். “எப்போது வந்தாலும் நன்றாக இருக்கும்” என்பவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, தை நடுவிலிருந்து மாசி முடியும்வரை சிறந்தது. டிசம்பரும் வானிலைக்கு நல்ல மாதம்தான். ஆனால் மண்டல காலத்திலும் மகர விளக்கு முடியும்வரையிலும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் உங்கள் வாசல் வழியே செல்லும் சாலை எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முழுப் பரீட்சை முடிந்து ஏப்ரல், மே மாதங்களில்தான் முடியும் என்றால், வள்ளத்தையும் காலைக்கே மாற்றி, நண்பகலுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். கோடையின் பிற்பகல் இடிமின்னல் கேரளத்தில் விளையாட்டல்ல. திறந்த நீர்ப்பரப்பில் உயரமான பொருள் நாமாகவே இருப்போம். ஜூன் முதல் நவம்பர் வரை கயாக்கை மறந்துவிடுங்கள்.

போகும் வழி எளிது. காரில் புனலூர் தாண்டி, கொல்லம் வரை போகாமல் குண்டறையிலேயே திரும்பி, இடியக்கடவுப் பாலம் வழியாகத் தீவுக்குள் நுழையலாம். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் தண்ணீருக்கருகில் நிற்கலாம். ரயிலில் போவதானால் கொல்லத்தில் இறங்கி, கோட்டயம் வழியாகச் செல்லும் மெமு பயணிகள் ரயிலில் ஏறினால் பெரினாட்டுக்கு அடுத்தது மன்றோத்துருத்து நிலையம். அதற்குச் சற்று முன்பு வரும் பெருமண் பாலத்தில்தான் 1988 ஜூலை 8 அன்று ஐலண்ட் எக்ஸ்பிரஸ் காயலில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உங்கள் மாமியாரின் வயதினர் அந்தச் செய்தியை மறந்திருக்கமாட்டார்கள்.

காலையில் கயாக்கை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காற்றுதான் காரணம். காலை பத்து மணி வரை காயல் பெரும்பாலும் கண்ணாடிபோல் கிடக்கும். நிலம் சூடேறியபின் கடற்காற்று எழுந்து, இரண்டு மூன்று மணிக்கு உச்சத்தை அடையும். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வருடன் நானே இதை அலட்சியம் செய்தேன். காலையில் கால் மணி நேரத்தில் கடந்த ஒரு கிலோமீட்டர் நீர்ப்பரப்பை, பிற்பகல் இரண்டரை மணிக்கு எதிர்காற்றில் திரும்பக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. துடுப்பை ஒரு நொடி நிறுத்தினால் கயாக் பின்னோக்கி நகர்ந்தது. எங்களை வழிநடத்த வந்தவர் கரையில் இருந்தபடி செல்பேசியில் ஆலோசனை சொன்னார். இப்போது நான் யாருக்கும் சொல்வது, வழிகாட்டி தம் கயாக்கில் உங்களோடு தண்ணீரில் இருக்க வேண்டும் என்பது. அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் எடுக்க வேண்டியது உட்குழி இல்லாத, மேலே உட்காரும் வகை இரட்டைக் கயாக். கவிழ்ந்தாலும் ஆள் உள்ளே சிக்கிக்கொள்வதில்லை. ஒரு கயாக்கில் உங்கள் கணவரும் மகளும், இன்னொன்றில் நீங்களும் மகனும் என்று வைத்துக்கொண்டு, வழிகாட்டியை உங்கள் கயாக்கின் அருகிலேயே வரச் சொல்லுங்கள். நீச்சல் தெரிந்த ஒருவர்கூட இல்லாத கயாக் அது. மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் முதல் நாளில் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும். தோள்பட்டை மறுநாள் நினைவூட்டும்.

கிளம்புமுன் இடுப்பளவு நீரில் கயாக்கை வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். பயம் பாதி அங்கேயே போய்விடும். மோட்டார் படகின் அலை வந்தால் விலகி ஓட முயலாமல் கயாக்கின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்புங்கள். பக்கவாட்டில் வாங்கினால்தான் கவிழும். வரிசையாக நட்ட கம்பங்களைக் கண்டால் நூறடி தள்ளியே செல்லுங்கள். அவை ஊன்றிவலைகள், அதாவது கம்பம் நட்டுக் கட்டிய மீன் வலைகள். நீர் வடியும் நேரத்தில் ஓட்டம் மீனைத் தள்ளிக்கொண்டு போவதைப்போலவே உங்களையும் அந்தக் கம்பங்களின்மீது தள்ளும்.

உயிர்காப்பு அங்கி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மகளுக்கு அணிவித்து எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, இரு கைகளையும் தூக்கச் சொல்லி, அங்கியின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அவளுடைய முகவாய் அங்கிக்குள் புதைந்தால் அது பெரியவர்களின் அளவு. தண்ணீரில் அங்கி மேலே நிற்கும், குழந்தை கீழே நழுவும். எடை அளவு அச்சிட்ட, கால்களுக்கிடையே பட்டை உள்ள சிறுவர் அங்கி இருக்கிறதா என்று முந்தைய நாளே கேட்டு உறுதி செய்யுங்கள். துப்பட்டாவும் சேலையும் கயாக்கில் வேண்டாம். முழுக்கைச் சட்டையும், நாடா கட்டிய தொப்பியும் போதும். காயல் நீரை வாயில் படவிடாதீர்கள். கொல்லம் நகரத்துச் சாக்கடையின் ஒரு பகுதி இந்தக் காயலில்தான் முடிகிறது.

கயாக் முடிந்து கரையேறியபின் வீட்டுச் சாப்பாடு தரும் இடம் ஒன்றில் மூன்று மணி வரை இளைப்பாறுங்கள். வாழையிலையில் பொதிந்து வாட்டிய கரிமீன் பொள்ளித்தது எல்லோரும் பரிந்துரைப்பது. எனக்கென்னவோ இங்கே கிடைக்கும் கக்கா (மட்டி) இறைச்சியைத் தேங்காய் சேர்த்து வதக்கிய தோரன்தான் அதைவிட உயர்வு. அஷ்டமுடியின் மஞ்சள் மட்டி மீன்வளம் வளம் குன்றாமல் மீன்பிடிப்பதற்கான பன்னாட்டு எம்.எஸ்.சி. சான்றிதழை 2014இல் பெற்றது, இந்தியாவில் அச்சான்று பெற்ற முதல் மீன்வளம் அதுதான். மாமியார் காலையில் இங்கேயே நிழலில் இருக்கட்டும்; கழிப்பறை வசதி உள்ள வீடாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், வள்ளத்தில் அது கிடையாது.

பிற்பகல் வள்ளத்தில் காற்றைப் பற்றிய கவலை இல்லை. வள்ளக்காரர் கழுக்கோலைச் சேற்றில் ஊன்றி, கைமாற்றிக் கைமாற்றி அதன் நுனிவரை தள்ளி, ஒரு திருகுத் திருகிப் பிடுங்குவார். ஊன்றிய இடத்திலிருந்து கருஞ்சேறும் குமிழிகளும் மேலே வரும். தேங்காய் மட்டை ஊறப்போட்ட இடமானால் அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்து வரும். உங்கள் மகனிடம் கோலை ஐந்து நிமிடம் கொடுக்கச் சொல்லுங்கள்; துடுப்பைவிடக் கடினமான வித்தை அது என்பதை உடனே புரிந்துகொள்வான். வள்ளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் நான் ஏறுவதில்லை, ஏனெனில் எடை மேலே போகப்போக வள்ளம் ஆடும். ஆனாலும் மாமியாரால் தரையோடு உட்கார முடியாது என்பதால், அகலமான வள்ளமாகவும் நடுவில் ஆணியடித்துப் பொருத்திய தாழ்ந்த பலகை உள்ளதாகவும் கேளுங்கள். ஏறும்போது ஒருவர் கரையிலும் ஒருவர் வள்ளத்திலும் நின்று கைகொடுக்க வேண்டும். வாய்க்கால்கள் பலரது வீட்டுக் கொல்லைப்புறங்கள். குளிப்பவர்கள் இருக்கும் படித்துறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

இடையில் மனம் மாறி மோட்டார் படகில் நடுக்காயலையும் சுற்றலாம் என்று தோன்றினால், பதிவெண்ணும் அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையும் படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தது, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர் இறந்தது, இருட்டியபின் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகில். இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள், மேல்தளத்தைத் தவிருங்கள், ஐந்து மணிக்குப் பிறகு ஏறாதீர்கள்.

மகனின் தனிக் கயாக்குக்கு வருகிறேன். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதால் காலையில் கொடுக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் உங்களோடு இரட்டைக் கயாக்கில் வந்து, கவிழ்ந்து ஏறும் பயிற்சியையும் தானாகவே செய்துகாட்டினான் என்றால், கரையேறுவதற்கு முன் கடைசி இருபது நிமிடம், நின்றால் கால் தரையில் படும் வாய்க்காலுக்குள், வழிகாட்டி பின்தொடர அவனைத் தனியே விடலாம். முதல் வளைவிலேயே கரையோரத் தென்னையில் முட்டிக்கொள்வான். துடுப்பால் தள்ளிக்கொண்டு அவனே வெளிவரட்டும், நீங்கள் கூப்பாடு போடாதீர்கள்.