ஊறிய விதைநெல் முளைக்கவில்லை: குறை யாருடையது?

கேள்வி: குறுவைக்காகச் சான்று விதைநெல் இரண்டு பை வாங்கினேன். ஒரு பையை மட்டும் பிரித்து, அதில் சிறிது மீத்து, மீதியை ஒரு நாள் ஊறவைத்து, முளைகட்டுவதற்காகச் சாக்கில் மூடி மூட்டம் போட்டேன். மூன்றாம் நாளும் பாதிகூட முளைக்கவில்லை. கடைக்காரரோ, “நெல் நன்றாகத் தண்ணீர் குடித்து உப்பியிருக்கிறது, கெட்ட விதை இப்படி உப்பாது, நீங்கள் மூட்டம் போட்டதுதான் தவறு” என்கிறார். இது சரியா?
– ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உப்பியதை வைத்து விதை நல்லது என்று சொல்வது தவறு. காய்ந்த விதை முதலில் நீரை உறிஞ்சுவது உயிரின் வேலையன்று. விதைக்குள் இருக்கும் மாவுச்சத்தும் புரதமும் நீரை இழுப்பதால் நடப்பது அது, ஆகவே செத்த விதையும் அதேபோல் உப்பும். ஒருபோதும் முளைக்காத உடைத்த உளுத்தம்பருப்பு இட்லிக்கு ஊறுவதை வீட்டில் பார்க்கிறோமே. சில மணி நேரத்தில் இந்த வேகம் தணிந்து, விதை ஏறக்குறைய நீர் குடிப்பதையே நிறுத்திவிடும். வெளியே எதுவும் நடக்காததுபோல் தோன்றும் அந்த இடைவேளையில்தான் உயிருள்ள விதையில் சுவாசம் வேகம் பிடித்து, நொதிகள் சேமித்த உணவைக் கரைக்கத் தொடங்குகின்றன. பிறகு முளைவேர் வெளிவரும் விதை மட்டுமே மீண்டும் நீரை இழுக்கும்.

ஆனால், மூட்டத்தைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. கிளறாமல் விட்ட மூட்டம் சூடேறினாலும், காற்றில்லாமல் புழுங்கினாலும் நல்ல விதையும் கெடும். அறுவடையாகிச் சில வாரங்களே ஆன நெல், உயிரோடிருந்தும் உறக்கம் கலையாமல் முளைக்க மறுப்பதும் உண்டு.

மீத்துவைத்த உலர்ந்த நெல்லில், பொறுக்கியெடுக்காமல் 100 விதைகளை எண்ணி ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, துணி காயாமலும் நீர் தேங்காமலும் 14 நாள் வைத்திருங்கள். சான்று நெல்லுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 விழுக்காடு. அந்த அளவை எட்டினால் குறை பெரும்பாலும் ஊறவைத்ததிலோ மூட்டத்திலோதான்.

இதற்காகக் காத்திருக்காமல், பிரிக்காத பையிலிருந்து மாதிரி எடுத்து விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புமாறு விதை ஆய்வாளரிடம் இன்றே எழுத்து மூலம் கேளுங்கள். வீட்டுச் சோதனை உங்கள் தெளிவுக்கு, அந்த அறிக்கைதான் வழக்குக்கு. பையில் தைத்த நீல அட்டையில், விதை எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் குவியல் எண்ணும் பரிசோதனை நாளும் இருக்கும்; முதல் சான்றின் காலம் அந்த நாளிலிருந்து 9 மாதம். காலம் கடந்திருந்து மறுசான்றும் பெறாமல் விற்றிருந்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டு.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் முறையிடலாம். விதைக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. ரசீதையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் மாற்று விதை தருவதாகச் சொன்னாலும், மாதிரி எடுக்கும்வரை பிரிக்காத பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.