கோட்டைக் கழற்றிக் கொடுத்த பையன்

வணக்கம் ஐயா,

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் 'டாம் ஜோன்ஸ்', ஸ்விஃப்ட்டின் சில கட்டுரைகள், ராபர்ட் பர்ன்ஸின் கவிதைகள் எல்லாம் பாடமாக இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் மதப் பாசாங்கைத் தோலுரித்தார்கள் என்று எல்லா நோட்ஸிலும் இருக்கிறது. தேர்வுக்கு அது போதும், எனக்குத்தான் போதவில்லை.

ஸ்விஃப்ட் பாதிரியார், ஸ்டெர்னும் பாதிரியார். சபையில் சம்பளம் வாங்கிக்கொண்டே சபைக்காரர்களைக் கேலி செய்திருக்கிறார்கள். ஃபீல்டிங், பர்ன்ஸ் இருவரின் சொந்த வாழ்க்கையும் ஊர்வாயில் விழுந்ததுதான். அடுத்தவரை வேஷதாரி என்று சொல்ல இவர்களுக்கு என்ன தகுதி? இன்னொன்று, அதே நூற்றாண்டில்தான் அந்த நாடு லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் விற்றது. கிராமத்துப் பாதிரியின் பேராசை கண்ணில் பட்டவர்களுக்கு இது மட்டும் எப்படிப் படாமல் போனது? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. ஆனால் அதற்குப் போக முதல் கேள்வி வழியாகத்தான் போக வேண்டும். 'தோலுரித்தார்கள்' என்ற வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டால், யாரோ நாலு திருட்டுச் சாமியார்களை மாட்டிவிட்ட எழுத்து என்று தோன்றிவிடும். இவர்கள் செய்தது அதைவிடப் பெரிய காரியம்.

ஹென்றி ஃபீல்டிங் 1742-இல் எழுதிய 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' நாவலின் முதல் பாகம், 12-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோசப் ஒரு வேலைக்காரன். எஜமானியின் ஆசைக்கு இணங்காததால் வேலை போய், ராத்திரியில் ஊருக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறான். வழியில் இரண்டு திருடர்கள் அவனை அடித்து, உடம்பில் ஒட்டுத்துணி விடாமல் உருவிக்கொண்டு, பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பக்கம் ஒரு கோச்சு வண்டி வருகிறது. முனகல் சத்தம் கேட்டு, முன்குதிரையில் உட்கார்ந்திருந்த பையன் நிறுத்தச் சொல்கிறான். ஏற்கனவே நேரமாகிவிட்டது, செத்தவனையெல்லாம் பார்க்க முடியாது என்கிறார் வண்டிக்காரர். உள்ளே இருக்கும் சீமாட்டி, ஆள் அம்மணமாகக் கிடக்கிறான் என்று கேட்டதும் 'ஐயோ, அவனை விட்டுவிட்டு ஓட்டு' என்று அலறுகிறாள். ஒரு பெரியவர், நம்மையும் கொள்ளையடித்துவிடுவார்கள், கிளம்புங்கள் என்கிறார். கடைசியில் அவனை வண்டியில் ஏற்றச் சொல்வது ஒரு வக்கீல். அவர் சொல்லும் காரணம்: இவன் செத்தால், கடைசியாக இவனோடு இருந்தவர்கள் நாம்தான் என்று வழக்கு நம் தலையில் விழும்.

அதோடு முடியவில்லை. சீமாட்டி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்த ஜோசப், போர்த்திக்கொள்ள ஏதாவது கிடைத்தால்தான் ஏறுவேன் என்கிறான். வண்டியில் மேல்கோட்டுகள் பல இருக்கின்றன. ஆனால் ஒருவருக்குக் குளிர்கிறது, இன்னொருவருக்கும் குளிர்கிறது, வண்டிக்காரருக்குத் தன் கோட்டில் ரத்தம் படக்கூடாது. அந்தக் குதிரைக்காரப் பையன் மட்டும் தன்னிடமிருந்த ஒரே கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறான். ஒரு மனுஷனை இப்படிக் கிடக்க விடுவதைவிட, ஆயுள் முழுக்க வெறும் சட்டையோடு குதிரை ஓட்டலாம் என்று கெட்ட வார்த்தை போட்டுக் கத்துகிறான். கெட்ட வார்த்தை பேசியதற்காகப் பயணிகள் அவனைக் கண்டிக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் ஃபீல்டிங் இன்னொரு செய்தியும் சொல்லிப் போகிறார்: இந்தப் பையன் பின்னால் கோழிக்கூட்டில் திருடியதற்காக நாடு கடத்தப்பட்டான்.

கொஞ்ச தூரம் போனதும் அதே திருடர்கள் வண்டியை மறிக்கிறார்கள். குளிரில் நடுங்கும் ஜோசப்புக்காக ஒருவர் ஒரு வாய் மது கேட்டபோது, தான் அதைத் தொட்டதே இல்லை என்று கோபப்பட்டவள் அந்தச் சீமாட்டி. அவளிடமிருந்து திருடன் பிடுங்கும் வெள்ளிக் குப்பியில் முதல்தரமான பிராந்தி இருக்கிறது. வாசனைத் திரவம்தான் ஊற்றச் சொன்னேன், வேலைக்காரி மாற்றி ஊற்றிவிட்டாள் என்கிறாள்.

அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை இது, உங்களுக்கே தெரிந்திருக்கும். லூக்கா சுவிசேஷத்தில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன ஆசாரியனும் லேவியனும் (ஆலய ஊழியன்) இங்கே கோச்சு வண்டியில் வருகிறார்கள். அப்படியானால் ஃபீல்டிங் எந்த அளவுகோலால் இவர்களை அளக்கிறார்? சுவிசேஷத்தால்தான். வண்டிக்குள் இருந்த யாரும் அன்று எந்த ஒழுக்க விதியையும் மீறவில்லை. வாய்விட்டுக் கெட்ட வார்த்தை சொன்ன பையன்தான் மீறினான். பாசாங்கு என்பது வெறும் பொய் இல்லை, அது பள்ளத்தில் கிடப்பவனைப் பார்க்காமல் இருப்பதற்கான வசதி. அவர் எழுத்தின் மையம் இதுதான் என்பது என் கருத்து. அதே நாவலில் வரும் ட்ரல்லிபர் பாதிரியார் ஞாயிறு மட்டும் பாதிரி, மற்ற ஆறு நாளும் பன்றி வளர்க்கும் விவசாயி. பணமில்லாமல் வழியில் மாட்டிக்கொண்ட ஆடம்ஸ் பாதிரியார் 14 ஷில்லிங் கடன் கேட்டதும், அவரைத் திருடன் என்கிறார். அந்த ஆடம்ஸும் பாதிரிதான், நாவலிலேயே மிக நல்ல மனிதரும் அவர்தான். இதையெல்லாம் மதத்தைக் கேலி செய்த எழுத்து என்று எப்படிச் சொல்வது?

ஸ்விஃப்ட் விஷயமும் இதேதான். டப்ளின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் டீனாக (தலைமைப் பாதிரியாக) 1713-இலிருந்து கடைசிவரை இருந்தவர். அதற்கு முன்பே, 1708-இல், கிறிஸ்தவத்தை ஒழிக்கக் கூடாது என்று வாதிடுவதுபோல ஒரு கட்டுரை எழுதினார். அதில் வாதிடுகிறவர் காப்பாற்ற நினைப்பது பெயரளவுக் கிறிஸ்தவத்தை மட்டும். சுவிசேஷத்தை ஒழித்தால் ஆறே மாதத்தில் பேங்க் பங்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்கும் ஒரு சதவிகிதமாவது விழுந்துவிடும் என்று முடிக்கிறார். விசுவாசத்தைப் பங்குச் சந்தையில் வைத்து எடைபோடும் ஆளை உள்ளேயிருந்து பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும். அன்று அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் இங்கிலாந்து சபையில் நற்கருணை வாங்கியிருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. அப்பமும் திராட்சரசமும் பதவிக்குச் சாவியாகிவிட்டன என்று 1782-இல் மனம் நொந்து எழுதிய கவிஞர் வில்லியம் கூப்பரும் ஆழ்ந்த பக்திமான்.

சரி, சொந்த வாழ்க்கை. இதற்கு டாக்டர் ஜான்சன் 1750-இலேயே, 'ராம்ப்ளர்' இதழின் 14-ஆம் கட்டுரையில் பதில் சொல்லிவிட்டார். தன்னால் கடைப்பிடிக்க முடியாத நற்குணத்தை ஒருவன் உயர்த்திப் பேசுகிறான் என்பதற்காக அவனைப் பாசாங்குக்காரன் என்பது அநியாயம், அவன் உண்மையிலேயே அதை நம்பலாம், ஆசைகளை இன்னும் வெல்லாமல் இருக்கலாம் என்கிறார். எனக்கு இது முழுக்க உடன்பாடு. தோற்றவன் வேறு, நடித்தவன் வேறு. ஃபீல்டிங் 1747-இல், இறந்துபோன மனைவியின் வேலைக்காரப் பெண் தன்னால் கர்ப்பமானபோது அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணத்துக்காகத்தான் லண்டன் சிரித்தது. காசு கொடுத்து அவளை அனுப்பியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

நடிக்கிறவன் எப்படி இருப்பான் என்பதற்கு 'டாம் ஜோன்ஸ்' (1749) நாவலில் பிளிஃபில் இருக்கிறான். வேலையிழந்த காவல்காரனின் பட்டினிக் குடும்பத்துக்காக டாம் தன் பைபிளை விற்கிறான். பாதி விலைக்கு வாங்கியவன் பிளிஃபில். அன்றிலிருந்து அவன் வேறு பைபிளைத் தொடுவதில்லை. புரியாத வசனத்துக்கு விளக்கம் கேட்கும் சாக்கில், டாமின் பெயர் எழுதியிருக்கும் அதே புத்தகத்தை வாத்தியார் த்வாக்கம் பாதிரியாரிடம் அடிக்கடி கொண்டுபோகிறான். பெயர் கண்ணில் படுகிறது, டாமுக்கு அடி விழுகிறது. வேதவாசிப்பாலேயே ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் இந்த இடத்தைவிட நுட்பமாக மாய்மாலத்தைக் காட்டிய பக்கம் அந்த நூற்றாண்டில் குறைவு.

ஆனால் பிளிஃபிலுக்குத் தான் செய்வது தெரியும். தெரியாமல் செய்கிறவனைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். பிஷப் ஜோசப் பட்லர் லண்டன் ரோல்ஸ் சேப்பலில் செய்த பிரசங்கங்கள் 1726-இல் புத்தகமாக வந்தன. பத்தாவது பிரசங்கம், மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதைப் பற்றியது. பைபிளில், தன் படைவீரன் உரியாவைச் சாகவிட்டு அவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம், ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொல்கிறார். தாவீது கொதித்து, அப்படிச் செய்தவன் சாக வேண்டும் என்கிறான். 'நீயே அந்த மனுஷன்' என்கிறார் நாத்தான். அந்த வார்த்தை காதில் விழும்வரை தாவீதுக்கு உறைக்கவில்லை. அவன் கோபம் பொய்யில்லை, அதுதான் பயங்கரம் என்பது பட்லரின் வாதம். சாதாரண ஆசையால் கெட்டுப்போவதுகூடப் பரவாயில்லை, இப்படி அமைதியாகத் தன்னையே ஏமாற்றிக்கொள்வது மனச்சாட்சியையே அழுகச் செய்துவிடும் என்கிறார்.

பர்ன்ஸ் 1785-இல் எழுதிய 'ஹோலி வில்லியின் ஜெபம்' இதற்குக் கவிதையில் கிடைத்த சாட்சி. மாக்லின் ஊர்ச் சபையின் மூப்பர் வில்லியம் ஃபிஷர்தான் வில்லி. பர்ன்ஸின் நண்பர், வக்கீல் கேவின் ஹாமில்டன்மேல் ஞாயிறன்று பயணம் போனார் என்பது போன்ற குற்றங்களைச் சபை சாட்டியது. மேல்சபை ஹாமில்டன் பக்கம் தீர்ப்பு சொன்னது. கவிதையில் வில்லி தனியாக ஜெபிக்கிறார். கேட்பவர் கடவுள் மட்டும், நடிக்கத் தேவையில்லை. மெக் என்ற பெண்ணோடு நடந்ததை ஒப்புக்கொள்கிறார், இன்னொரு பெண்ணோடு மூன்று தடவை என்றும் ஒப்புக்கொள்கிறார், அன்றைக்குக் குடித்திருந்தேன் என்கிறார். உடனே, நான் பெருமைப்பட்டுவிடக் கூடாதென்று நீரே என் மாம்சத்தில் இந்த முள்ளை வைத்திருப்பீரோ என்று பைபிளில் அப்போஸ்தலன் பவுல் சொன்ன வார்த்தையை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார். அப்புறம் ஹாமில்டனின் தோட்டத்து முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும் சபிக்கும்படி வேண்டுகிறார். ஒரு வரியில்கூட அவர் பொய் சொல்லவில்லை. தான் தெரிந்துகொள்ளப்பட்டவன், அதாவது இரட்சிப்புக்கென்று கடவுளே முன்கூட்டித் தேர்ந்தெடுத்தவன் என்று உயிராக நம்புகிறார். கவிதை கையெழுத்துப் பிரதியாகப் பரவியதும் சபை மூப்பர்கள் மூன்று முறை கூடிப் பேசினார்கள் என்று பர்ன்ஸே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதே பர்ன்ஸ், அடுத்த ஆண்டு 1786-இல், ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகக் கப்பலில் இடம் பிடித்திருந்தார். கவிதைப் புத்தகம் விற்றதால் போகவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. ஜான்சனின் விதியை இங்கே நீட்ட முடியாது. ஆசையிடம் தோற்ற கதை இல்லை இது, கண்ணில் படாமல் போன கதை.

இதன் உச்சம் ஜான் நியூட்டன். 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர், பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1748-இல் புயலில் மனம் திரும்பியவர், 1750-இலிருந்து 1754 வரை அடிமைக் கப்பல்களின் கேப்டனாக இருந்தார். கப்பலில் ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகம் வந்தபோது, சிறுவர்களின் கட்டைவிரலை இடுக்கியில் நெரித்து விசாரித்ததை அவரே கப்பல் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பாதிரியான பிறகு 1764-இல் வெளியிட்ட சுயசரிதையில், அடிமைகளை ஏற்ற ஆப்பிரிக்காவின் கினி கடற்கரைக்குப் போன கடைசி இரண்டு பயணங்களில் அனுபவித்ததைவிட இனிமையான தெய்வ ஐக்கியத்தை அறிந்ததில்லை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பட்லர் பிரசங்கித்தது நடுக்கடலில் அப்படியே நடந்திருக்கிறது. கடலைவிட்டு வந்ததும் உடல்நலக் குறைவால்தான். 1788-இல்தான், மனம் திரும்பி நாற்பது வருஷம் கழித்து, அடிமை வியாபாரத்துக்கு எதிராக எழுதினார். தாமதமாக வந்த வாக்குமூலம் என்று தானே சொன்னார், விசாரணையில் சாட்சியும் சொன்னார். சுவிசேஷத்தைப் பரப்ப ஏற்பட்ட ஒரு சங்கமே பார்படோஸில் காட்ரிங்டன் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். அங்கே ஆரம்ப ஆண்டுகளில் அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்று சூடு போட்டார்கள்.

யாருமே பார்க்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் குடியேறிகள் சுதந்திர முழக்கம் போட்ட 1775-இல், அடிமைகளை ஓட்டுகிறவர்கள்தான் சுதந்திரத்துக்கு அதிகமாகக் கத்துகிறார்கள் என்று ஜான்சன் எழுதினார். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரான்சிஸ் பார்பருக்குத் தன் சொத்தின் பெரும்பகுதியை எழுதிவைத்தார். நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே, அவர் ஆண்ட, அன்று கர்நாடகம் எனப்பட்ட நம் பகுதியைச் சுரண்டிய கம்பெனி உத்தியோகஸ்தர்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் பாராளுமன்றத்தில் பேசினார். 1788-இல், இங்கே கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மேல் நடந்த விசாரணையில், இடத்துக்கு இடம், தீர்க்கரேகைக்குத் தீர்க்கரேகை மாறும் ஒழுக்கம் ஒன்றை இவர்கள் வைத்திருக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். ஏழு வருஷம் நடந்து ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார் என்பது வேறு விஷயம்.

எனவே உங்கள் ஆதங்கம் நியாயமானது. அவர்கள் கண்டுபிடித்த அளவுகோல் சரியானது, அதைத் தங்கள் ஊர் கோச்சு வண்டி போகும் தூரத்துக்கு மேல் அவர்களில் பலர் எடுத்துப் போகவில்லை. கடலுக்கு அப்பால் கிடந்தவனுக்கு அதை எடுத்துச் சென்றவர்கள் வந்தபோது, அவர்கள் கையிலிருந்ததும் அதே லூக்கா சுவிசேஷம்தான்.

படிப்பதற்கு: 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' முன்னுரையும் நான் சொன்ன அந்த ஒரு அத்தியாயமும் போதும், ஒரே மாலையில் முடியும். அப்புறம் பட்லரின் பத்தாவது பிரசங்கம். அவருடைய உரைநடை கடினம், மெதுவாகப் படியுங்கள். பர்ன்ஸை ஸ்காட்ஸ் சொற்பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். செமினாருக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், நியூட்டனின் 1764 புத்தகத்தையும் 1788 பிரசுரத்தையும் அடுத்தடுத்து வைத்து எழுதுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.