நியூயார்க் மஞ்சள் டாக்ஸி: ஒரு தகடும் தீராத கடனும்

நியூயார்க் டாக்ஸி ஓட்டுநர்களின் மெடாலியன் கடன் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, பல வருடங்களாக இதைக் கவனித்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

செந்தில்: மெடாலியன் என்றால் என்ன? ஒரு பர்மிட்டுக்கு ஏன் அவ்வளவு விலை?

வண்டியின் பானெட்டில் பதிக்கும் சின்ன உலோகத் தகடு. தெருவில் கை காட்டுகிறவரை ஏற்றிக்கொள்ள அது வேண்டும். 1937ல் சட்டம் போட்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். அப்போது கட்டணம் 10 டாலர். தகட்டை விற்கலாம், அடகும் வைக்கலாம் என்பதால் விலை ஏறிக்கொண்டே போனது. 2002 வாக்கில் சுமார் 2 லட்சம் டாலர், 2014ல் 10 லட்சத்துக்கு மேல்.

கவிதா: அத்தனை பணத்துக்கு ஓட்டுநர்கள் எங்கே போனார்கள் அண்ணா?

கடன்தான் தங்கச்சி. வங்கதேசம், பாகிஸ்தான், இந்தியா, ஹெய்ட்டி என்று பல ஊர்களிலிருந்து வந்து, வருடக்கணக்கில் வாடகை வண்டி ஓட்டியவர்கள். சொந்தமாக ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்கு ஆகும் என்று நினைத்தார்கள். வட்டியை மட்டும் கட்டு, அசல் அப்படியே நிற்கட்டும் என்ற மாதிரியான கடன்கள் அவை. சில வருடங்களில் புதுப்பிக்க வேண்டும். விலை ஏறுகிறவரை கடன் கொடுத்தவர்கள் சிரித்த முகத்தோடு இன்னும் கொடுத்தார்கள். நகர நிர்வாகமே தகடுகளை ஏலம் விட்டது. பங்குச் சந்தையைவிட மேல் என்று விளம்பரமும் செய்தது. என் கோபம் ஆறாமல் இருப்பது இதனால்தான். லாபம் நகரத்துக்கு, நஷ்டம் ஓட்டுநர் தலையில்.

முருகன்: ஊபர் வந்ததால்தானே எல்லாம் கெட்டது?

அது பாதிக் காரணம். ஊபர், லிஃப்ட் என்று செல்போன் செயலியில் அழைக்கும் வண்டிகளுக்கு மெடாலியன் தேவையில்லை. 2018 ஆகஸ்ட் வரை அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பும் கிடையாது. ஆனால் தகட்டின் விலை தாங்க முடியாத உயரத்துக்குப் போனதற்குக் கடனும் ஏலமும்தான் காரணம். சவாரி குறைந்து விலை சரிந்தபோது கடன் மட்டும் குறையவில்லை. 2018ல் மட்டும் பல ஓட்டுநர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

நஸ்ரின்: கடனைக் குறைக்கச் சொல்லி ஓட்டுநர்கள் 2021ல் இருந்த உண்ணாவிரதத்தில் என்ன கிடைத்தது?

நிறையவே. பைரவி தேசாய் தலைமையிலான நியூயார்க் டாக்ஸி தொழிலாளர் கூட்டணி, நகர மன்றக் கட்டடத்துக்கு வெளியே இரவு பகலாக உட்கார்ந்தது. அப்புறம் 15 நாள் உண்ணாவிரதம். அப்போது மாநில சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஸோஹ்ரான் மம்தானியும் உடன் பட்டினி கிடந்தார். முக்கியமான கடன் நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது. கடன் 2 லட்சம் டாலராகக் குறைந்தது. அதில் 30,000 நகரத்தின் மானியம், மீதி 1,70,000 ஓட்டுநர் கட்ட வேண்டிய கடன். மாதத் தவணை அதிகபட்சம் 1,122 டாலர் என்று அப்போது பேசினார்கள்; 2022ல் அமலானபோது அது 1,234 ஆனது. இதில் பெரிய வெற்றி, நகரம் கொடுத்த உத்தரவாதம். ஓட்டுநரால் கட்ட முடியாமல் போனாலும் வீட்டைப் பறிக்க முடியாது.

ரவி: வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு?

கடன் குறைப்பால் நேரடியாக ஒன்றும் இல்லை. அவருக்குக் கைகொடுத்தது 2022 டிசம்பரில் உயர்ந்த மீட்டர் கட்டணம். 2012க்குப் பிறகு அதுதான் முதல் பெரிய உயர்வு.